ஐந்தில் இரண்டு

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?
கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள்
மோகனப்பிரியா முடித்திருந்தாள்.
மேலே இருந்ததை மேலேயே கூட்டி,
கீழே இருந்ததைக் கீழேயே கூட்டி:
ஐந்தில் இரண்டு.
நடுக்கோட்டை மட்டும் ஸ்கேல் வைத்துக்
கோணாமல் போட்டிருந்தாள்.

சோனங்குப்பம், ஐந்தாம் வகுப்பு.
பதினேழு பிள்ளைகள், ஒரு ஃபேன்.
மூன்றில் வைத்தாலும் அது ஒன்றில்தான் சுற்றும்.
காற்று திரும்பினால்
உப்பனாற்றைத் தாண்டி சிப்காட் நாற்றம் வந்து
முதல் பெஞ்சில் உட்காரும்.

சிவப்புப் பேனாவில் தப்புக்குறி போடத் தொடங்கி
ஒரு சாய்கோடு இழுத்துவிட்டேன்.
"பிரியா, அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா
அரையை விடக் குறையுமா?"
அவள் பதறவில்லை.
"நேத்து இன்டர்வெல்ல கொடிக்கம்பத்து மேல
கல்லு விட்டோம் மிஸ்.
நான் ரெண்டு விட்டேன், ஒண்ணு பட்டுச்சு.
தேசிங்கு மூணு விட்டான், ஒண்ணு பட்டுச்சு.
நாங்க ஒரே கட்சி.
மொத்தம் அஞ்சு கல்லு, பட்டது ரெண்டு.
நீங்களே சொல்லுங்க."

கொடிக்கம்பத்தில் ஏன் எறிந்தாய் என்று
திட்டக்கூட மறந்துபோனது.
வடலூரில் இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவள் நான்.
இந்தக் கேள்வி அங்கே வரவில்லை.
தப்பு என்று தெரியும்;
எந்த இடத்தில் தப்பு என்று
அந்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை.
இரண்டாவது கோட்டைப் போடாமல்
பேனாவை மூடினேன்.
அவள் நோட்டில் பாதித் தப்பு.

சாப்பாட்டு மணி காப்பாற்றியது.

குழாயடியில் தட்டு கழுவும் சண்டை:
"எங்கப்பாவுக்கு முழுப் பங்கு,
உங்கப்பாவுக்கு அரைப் பங்குதான்."
"போடா, உங்கப்பா போறது கட்டுமரம்.
எங்கப்பா ஃபைபர் போட்டு.
அதுல அரை, உங்க முழுசை விட ஜாஸ்தி."
கையில் முட்டைத் தோலோடு நின்றுவிட்டேன்.
எதில் பாதி?
எதில் பாதி என்று கேட்காமலா
இத்தனை வருடம் பாதி நடத்தினேன்?

மதியம் சுவரிலிருந்த தினசரித் தாளைக் கிழித்தேன்.
வெள்ளிக்கிழமை முடிய இன்னும் அரை நாள் இருந்தது.
"இது ஒண்ணுதான் தாள்.
உனக்கும் இதுல, அவனுக்கும் இதுல."
நெடுக்கே இரண்டாய் ஒரு மடிப்பு,
குறுக்கே மூன்றாய் ஒரு மடிப்பு,
விரித்தால் ஆறு கட்டம்.
தேசிங்கு எண்ணிப் பார்த்தான், இரண்டு தடவை.
பாதி என்றால் மூன்று கட்டம், பிரியாவுக்கு.
மூன்றில் ஒன்று என்றால் இரண்டு கட்டம், அவனுக்கு.
கிழித்துக் கொடுத்ததும்
வகுப்பே கத்தியது: "ஆறுல அஞ்சு!"

வேற்றினப் பின்னத்தை முதலில்
ஓரினம் ஆக்க வேண்டும் என்கிறது புத்தகம்.
அந்தச் சொல்லை இந்த ஊரில் உரக்கப் படிக்க
எனக்கு எப்போதும் சின்னத் தயக்கம்.
ஆனால் பாருங்கள்,
மூன்று கட்டமான பிறகும் பாதி
பாதியாகத்தான் இருந்தது.
மடிப்புதான் கூடியது.

"மீதி எவ்வளவு?"
ஒன்றிலிருந்து ஆறில் ஐந்தைக் கழித்தால்
என் கையில் இருந்தது அது.
கழித்தல் அன்றைக்குத்
தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் பை மாட்டிக்கொண்டு ஓடியபின்
பிரியா மட்டும் மேசைக்கு வந்தாள்,
தன் மூன்று கட்டத்தை நான்காய் மடித்தபடி.
"தாளு சரி மிஸ். அப்ப கல்லு?"
"கல்லு வேற."
"வேறன்னா?
அஞ்சுல ரெண்டு பட்டுச்சா, இல்லையா?"
"பட்டுச்சு."
"அப்ப?"
"திங்கக்கிழமை" என்றேன்.
அவள் நம்பவில்லை என்பது
நடையிலேயே தெரிந்தது.

பாலம் தாண்டி முதுநகரில்
திருப்பாதிரிப்புலியூர் பஸ்ஸுக்கு நின்றபோது
சில்லறைக்காகப் பர்ஸைத் திறந்தேன்.
உள்ளே அந்த ஆறில் ஒன்று.
சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம்
என்று அச்சிட்டிருந்தது.
பஸ் மேற்கேதான் போகும்.
ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து,
டிக்கெட்டின் பின்பக்கம் வரைய ஆரம்பித்தேன்:
இரண்டு கல், மூன்று கல்,
ஒரு கொடிக்கம்பம்.